கூதிர் காலத்தில் இரு நாள் உலா

ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றனர். மேலை நாடுகளில் ஏறக்குறைய இதே நாட்கள்தாம் இலையுதிர் காலம். அங்கே மரங்கள் பொன்னிறமும் செந்நிறமும் பூண்டு நிற்கும். நகரத்தார் வார இறுதியில் நாட்டுப்புறம் சென்று, மாளிகை போன்ற விடுதிகளில் தங்கி, காட்டுப் பாதைகளில் உலவி, மாலையில் கணப்பருகே அமர்ந்து களைப்பாறுவர். நமக்கோ இது இலை உதிரும் காலமன்று, இலை தளிர்க்கும் காலம். கோடையில் வெடித்துக் கிடந்த ஏரிகள் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புகின்றன. புழுதி படிந்திருந்த புதர்கள் கழுவிவிட்டாற்போலப் பசுமை கொள்கின்றன. வெயிலின் கடுமை தணிகிறது. சென்னைக்குத் தெற்கே வாழும் நமக்கு, கால் வலிக்க நடப்பதற்கு இதைவிட ஏற்ற காலம் வேறில்லை.

இக்காலத்தில் சில நாட்கள் வீட்டை விட்டு வெளியே சென்று இளைப்பாற வேண்டும் என்ற ஆசை நம் குடும்பங்களிலும் இன்று வேரூன்றிவிட்டது. அது நல்ல ஆசையே. தம் சீடர் உண்பதற்கும் நேரமின்றி உழைப்பதைக் கண்ட ஆண்டவர், தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்குமாறு அவர்களை அழைத்தார் அன்றோ? ஆகவே, சென்ற ஆண்டு நம் பங்கிலுள்ள அன்பியம் ஒன்றைச் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றுகூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள உயர்தர விடுதி ஒன்றில் இரண்டு நாட்கள் தங்கத் திட்டமிட்டபோது, நாமும் மகிழ்ச்சியோடு இசைந்தோம். நீச்சல் குளம், கடலை நோக்கிய அறைகள், மூன்று வேளை விருந்து என்று அச்சிட்டிருந்த வண்ணத் தாளைக் கண்டு, குடும்பத்திற்கு இவ்வளவு தொகை என்று எழுதிய பட்டியலின் கீழ் நாமே முதலில் கையொப்பமிட்டோம். அத்தொகையை எல்லாராலும் தர இயலுமா என்று ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. அது நம் குற்றமே.

நான்கு நாள் கழித்து, கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை செய்யும் ஒருவர் தம் மகனுடன் நம்மைக் காண வந்தார். "சாமி, அந்த இரண்டு நாளும் ஊரில் ஒரு காரியம் இருக்கிறது. எங்கள் பெயரை அடித்துவிடுங்கள்" என்றார். அருகே நின்ற சிறுவன், "ஊரில் ஒன்றும் இல்லையே அப்பா" என்றான். தந்தை தலை குனிந்தார். நமக்கும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மழைக் காலத்தில் சுவருக்கு வண்ணம் பூச எவரும் அழைப்பதில்லை என்பது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின், காரணம் எதுவும் கூறாமல், விடுதித் திட்டத்தைக் கைவிட்டு நம் ஊரையே நடந்து பார்க்கலாமா என்று கேட்டோம். இளைஞர் சிலர் முகம் சுளித்தனர். "தாம்பரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, ஃபாதர்?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். அவள் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மலையும் படிகளும்

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியற்காலை மின்தொடர் வண்டியில் பரங்கிமலைக்குச் சென்றோம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான இப்பாதையில் 1931ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய குறும்பாதை வண்டிகள் 2004இல் ஓய்வு பெற்றன. நாள்தோறும் நெரிசலில் நசுங்கிச் செல்லும் அந்த வண்டியில், அன்று சன்னலோரம் அமர்ந்து வேடிக்கை பார்த்தபடி செல்வதே பலருக்குப் புதுமையாக இருந்தது.

புனித தோமையார் உயிர் நீத்த இடமென்று நம்பப்படும் இம்மலை, ஏறக்குறைய முந்நூறு அடி உயரமே உடையது. உச்சியிலுள்ள அன்னையின் ஆலயம் 1523இல் போர்த்துக்கீசியரால் எழுப்பப்பட்டது. 1547இல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த, பழம் பாரசீக எழுத்துக்கள் பொறித்த கற்சிலுவை இன்றும் பீடத்தில் உள்ளது. 1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கு வந்து செபித்ததை நேரில் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கின்றனர்.

இவையெல்லாம் உங்களில் பலர் அறிந்தவையே. ஆனால் நாம் ஏறிச் செல்லும் படிகளைப் பற்றி எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்? கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டுவித்தவர். அவரே இப்படிகளையும் அமைத்துத் தந்தார். அவர் பெருஞ்செல்வர். தமக்கென்று ஒரு மாளிகையும் தோட்டமும் அமைத்து அதோடு நிறுத்தியிருக்கலாம். எவரும் கடக்க ஒரு பாலத்தையும் எவரும் ஏற ஒரு படிக்கட்டையும் விட்டுச் சென்றதால் அன்றோ, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நாங்கள் காசு எதுவும் தராமல் அவற்றில் ஏறினோம்!

மலையின் பாறையும் பெயர் பெற்றதே. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் கரும்பாறைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தா நகருக்கு அடிகோலியவராகக் கருதப்பட்ட ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர், 1893இல் அப்பெயரைச் சூட்டினார். 1863ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு முதல் சான்றாக அமைந்தது அதுவே. "பார்ப்பதற்கு என்ன இருக்கிறது" என்று கேட்ட மாணவி, இதைக் கேட்டதும் தன் காலடியிலிருந்த கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உச்சியில் நின்றபோது, ஒரு புறம் விமானத் தளமும் மறு புறம் வீடுகளுக்கு அப்பால் கடலின் கோடும் தெரிந்தன. வடகிழக்கே கருமேகங்கள் திரண்டு எழுந்தன. "என்ன அழகு!" என்று எல்லாரும் வியந்தோம். வண்ணம் பூசும் அந்த அன்பர் மட்டும் முகம் வாடி நின்றார்.

காற்றை நாடி வந்தோர்

மலையிலிருந்து இறங்கி, மீண்டும் வண்டியேறித் தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இறங்கினோம். நாள்தோறும் இப்பெயரைச் சொல்கிறோம். அதன் கதையை அறிந்தவர் சிலரே. காசநோய்க்கு மருந்து இல்லாதிருந்த காலத்தில் தூய காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகிய மூன்றுமே மருத்துவம். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய நலவாழ்வகம் ஒன்றை நடத்தி வந்தவர் டாக்டர் சவுரிமுத்து என்ற நம் நாட்டவர். கணித மேதை இராமானுசன் 1917இல் நோயுற்றபோது சில காலம் அங்கே அவருடைய பராமரிப்பில் இருந்தார். அந்த டாக்டரே தாயகம் திரும்பி, 1928இல் பச்சைமலை அடிவாரத்தில் இந்நிலையத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு இதனை ஏற்றது. 1993 முதல், உற்றாரும் அஞ்சி விலகிய எய்ட்ஸ் நோயாளரை ஏற்று அரவணைத்த பெருமையும் இம்மருத்துவமனைக்கு உண்டு. இன்று வாகனப் புகையில் மூச்சு முட்டும் இதே ஊருக்குத்தான், ஒரு காலத்தில் நல்ல காற்றை நாடி மக்கள் வந்தனர்!

இங்கே உங்களுக்கு மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நலவாழ்வகத்திலும் மற்றப் பிரிவினரை அவரவர் எளிய வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீட்டில், எளிய உணவு உண்டு, மருந்தை முறையாக உட்கொண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு நலம் பெற்றனர் என்று 1959இல் வெளியான முடிவு உலகெங்கும் மருத்துவ முறையை மாற்றியது. தொலைவிலுள்ள மாளிகையில்தான் கிடைக்கும் என்று எண்ணிய நலம், வீட்டிலேயே கிடைத்தது. ஓய்வைப் பற்றியும் நாம் அவ்வாறே எண்ணிப் பார்க்கலாகாதா?

மருத்துவமனை வாயிலில் நிற்கும்போதே தூறல் விழுந்தது. வண்ணம் பூசும் அன்பர் நம்மிடம் வந்து, "சாமி, தப்பாக நினைக்காதீர்கள். நான் வீட்டுக்குப் போகிறேன். அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் மேலே ஏற்றி வைக்க வேண்டும்" என்றார். அவர் வீடு முடிச்சூர்ப் பக்கம், அடையாற்றின் ஓரம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கியதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வெள்ளத்தில் அவர் வீட்டில் மிஞ்சியது சுவர் மட்டுமே. நாங்கள் அழகு என்று வியந்த மேகம் அவருக்கு அச்சமாக இருந்தது. இளைஞர் இருவர், நேற்று முகம் சுளித்தவர்களே, கேளாமலே அவருடன் சென்றனர்.

எஞ்சியோர் முன்கூட்டியே இசைவு பெற்றிருந்தபடி சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்திற்குச் சென்றோம். 1937இல் நகர நெருக்கடியிலிருந்து இக்கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர்க் காட்டில் அதற்குக் கிடைத்த நிலம் முந்நூற்று அறுபது ஏக்கருக்கும் மேற்பட்டது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்சும் அவர் துணைவியாரும் அந்த வறண்ட நிலத்தில் மரங்களை நட்டு வளர்த்தனர். குடை பிடித்தபடி மரநிழல் சாலையில் நடந்தோம். புள்ளிமான்கள் சில புதரோரம் நின்று எங்களைப் பார்த்தன. மழைநீர் சாலையில் தேங்கவில்லை. தழைகளில் சொட்டி மண்ணுக்குள் இறங்கியது. மரமும் மண்ணும் இருக்குமிடத்தில் மழை வெள்ளமாவதில்லை என்ற பாடத்தை அங்கே கண்ணால் கற்றோம்.

அன்று மாலை நாமும் முடிச்சூருக்குச் சென்றோம். அரிசி மூட்டை கட்டிலின்மேல் ஏறியிருந்தது. புத்தகங்கள் பரணில் இருந்தன. நீர் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது. அவர் மனைவியார் சுக்குக் காப்பி கொடுத்தார். விடுதியின் மூன்று வேளை விருந்தில் அந்தச் சுவை இருந்திருக்குமா என்று தெரியாது.

பறவைகளைக் காத்த ஊர்

இரண்டு வாரம் கழித்து, வானம் வெளுத்த ஒரு நாளில், பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வேடந்தாங்கல் சென்றோம். இம்முறை பட்டியல் போடவில்லை. ஆலயத்தில் ஒரு பெட்டியை வைத்து, இயன்றதைப் பெயரின்றி இடுமாறு கூறினோம். வேண்டிய தொகைக்குச் சற்று மேலாகவே சேர்ந்தது. வண்ணம் பூசும் அன்பரும் குடும்பத்தோடு வந்திருந்தார்.

வேடந்தாங்கல் ஏரி பெரியதன்று. நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில், கிளை தெரியாதவாறு பறவைகள் அமர்ந்திருந்தன. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என்று வனத்துறை ஊழியர் ஒவ்வொன்றாகக் காட்டினார். நவம்பர் முதல் மார்ச்சு வரை இவை இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து வாத்தினங்களும் வந்து சேர்கின்றன. அவையும் இலையுதிர் காலத்தில் ஊரை விட்டுப் புறப்படும் பயணிகளே அன்றோ!

இதைக் காத்தவர் யார்? படைவீரர் பறவைகளைச் சுடுவதைப் பொறாத இவ்வூர் மக்கள் முறையிட்டதன்பேரில், 1798ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஏற்று ஆணை பிறப்பித்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை உழவர் அறிந்திருந்தனர். பயன் கருதித் தொடங்கியது பாசமாக வளர்ந்தது. குஞ்சுகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் இது. 2022இல் இவ்வேரியும், அருகிலுள்ள கரிக்கிலியும், நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் உலகச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிற்றூரார் தம் ஏரியை இருநூறு ஆண்டுகளாகக் காத்தனர். நகரத்தாராகிய நாமோ, நம் காலத்திலேயே பள்ளிக்கரணையின் பெரும்பகுதியைத் தூர்த்து வீடும் அலுவலகமும் குப்பை மேடும் ஆக்கினோம். அந்நிலம் உறிஞ்சியிருக்க வேண்டிய நீர் பின்னர் யார் வீட்டுக்குள் புகுந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கடற்கரையில் ஒரு மாலை

திரும்பும் வழியில் கோவளம் சென்றோம். ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டுவித்த கார்மல் அன்னை ஆலயத்தில் சற்று நேரம் அமர்ந்தோம். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இவ்வூர்க் கோட்டையை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். பின்னர் அது தகர்க்கப்பட்டது. கோட்டை நின்ற இடத்தில் இன்று 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' என்ற புகழ்பெற்ற விடுதி இருக்கிறது. அரசரும் படைத்தலைவரும் போரிட்ட இடத்தில் இன்று விருந்தினர் இளைப்பாறுகின்றனர். அது நல்ல மாற்றமே.

எங்களுடன் வந்த தாய்மார் ஒருவர், இச்சாலையிலுள்ள வேறொரு விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்யும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவர். "விடுதிகளைக் குறை சொல்லாதீர்கள், சாமி. அந்தச் சம்பளத்தில்தான் என் மகளைச் செவிலியர் படிப்புப் படிக்க வைத்தேன்" என்றார். நாம் அதை மனமார ஏற்றுக்கொண்டோம். சற்று நேரம் கழித்து அவரே, "ஆனால் ஒன்று. தினமும் கடலைப் பார்த்த அறைகளில்தான் வேலை. உட்கார்ந்து கடலைப் பார்ப்பது இன்றைக்குத்தான்" என்று சிரித்தார். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கதிரவன் மறைந்து இருள் சூழும் வரை அவர் மணலில் அமர்ந்திருந்தார். அவரை எழுப்ப எவருக்கும் மனம் வரவில்லை. கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோறும் அவித்த முட்டையும் மிஞ்சியிருந்தன; அவற்றை அங்கேயே பகிர்ந்து உண்டு வீடு திரும்பினோம்.

அன்புள்ள குடும்பத்தாரே, விடுதியில் தங்குவது தவறென்று நாம் கூறவரவில்லை. இயன்றவர் செல்லுங்கள், அங்கே உழைப்போரிடம் கனிவாக இருங்கள். ஆனால் பலர் கூடிச் செல்லும்போது, கூட்டத்தில் மிக எளிய குடும்பத்தால் எவ்வளவு தர இயலும் என்பதை முதலில் எண்ணி, அங்கிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள். 'ஊரில் காரியம் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அக்காரியம் என்னவென்று சற்று யோசியுங்கள். நாம் காலந்தாழ்த்திக் கற்றது இது.

நடந்து பார்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். வேடந்தாங்கலுக்கு விடியற்காலையிலோ மாலை நான்கு மணிக்கு மேலோ செல்லுங்கள், உரக்கப் பேசாதீர்கள். அறுநூறு எக்டேர் பரப்புள்ள வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 1985 முதல் இங்கே இயங்கி வருகிறது. அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கல்லூரி வளாகத்திற்கு இசைவு பெற்றே செல்லவேண்டும். பரங்கிமலைக்கு யாருடைய இசைவும் வேண்டியதில்லை; முதியோரைக் கைப்பிடித்து ஏற்றினால் போதும். எங்கே சென்றாலும் பிளாஸ்டிக் உறையை ஏரியில் எறியாதீர்கள். நம் தெருவின் வடிகாலும் ஏரியின் மதகும் அடைபட்டிருந்தால், மழைக்கு முன்பே ஒன்றுகூடி உரியவர்களிடம் முறையிடுங்கள். வேடந்தாங்கல் மக்கள் அன்று செய்ததும் அதுவே.

இவ்வாண்டும் கூதிர் காலம் வரும், மேகம் திரளும். அதைக் கண்டு வியப்போம். வியக்கும்போதே, முடிச்சூரில் அரிசி மூட்டையை ஏற்றி வைப்பவரையும் நினைப்போம். முடிந்தால் போய் ஒரு கை கொடுப்போம்.